வெள்ளிக்கிழமைச் சூடு

எங்கள் வீட்டில் அரிசிக்குப் பஞ்சம் வந்திருக்கிறது, மண்ணெண்ணெய்க்கு வந்திருக்கிறது, வெந்நீருக்கு மட்டும் வந்ததே இல்லை. நைனாவின் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: “குளிக்கிறவங்கல்லாம் பக்கெட்ட எடுங்க, கொதிச்சிக்கினு வருது.” பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்ப அந்த வண்டி வந்து நிற்கும் தோரணையைப் பார்த்தால், புதிதாக ஊருக்கு வந்தவர்கள் நடமாடும் இட்லிக்கடை என்று தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

வருஷம் 1991. எனக்குப் பதிமூன்று வயது. ஊர் எர்ணாவூர். வண்டி, நைனா மூன்றாவது கையாக வாங்கிய டீசல் பிக்கப். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இனி வரப்போகும் குற்றங்களில் பெரும்பாலானவை வண்டி செய்தவையல்ல, நாங்கள் செய்தவை. சாயங்காலம் ஐஸ் பார் ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்குப் போவோம். ராத்திரி கடலுக்குக் கிளம்பும் விசைப்படகுகளுக்கு அது போய்ச் சேரும். பள்ளிக்கூடம் விட்டதும் நான்தான் கிளீனர். பின்னால் சாக்கு போர்த்திய ஐஸ், முன்னால் கொதிக்கிற தண்ணீர், நடுவில் நாங்கள் இருவர். கைநீட்டினால் தொடும் தூரத்தில் அவ்வளவு குளிர்ச்சி இருந்தும் என்ஜினுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. அந்தப் பிரயோஜனத்தை ஒருநாள் நான் உண்டாக்கிக் கொடுத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வண்டி வைத்துப் பிழைக்க எர்ணாவூரைப் போல வாகான ஊர் அன்றைக்குக் கிடையாது. வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியது, லாரிகள் அங்கே பிறக்கும். தெற்கே திருவொற்றியூரில் 1955இலிருந்து என்ஃபீல்டு. டயர் வேண்டுமென்றால் எம்.ஆர்.எஃப்.; 1946இல் அதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து ஆரம்பித்தவர்கள். டீசலுக்கு மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை, 1969இலிருந்து. டிரைவர் பீடி பற்றவைக்க விம்கோ தீப்பெட்டி. இரும்பு, ரப்பர், எண்ணெய், நெருப்பு எல்லாம் கூப்பிடு தூரத்தில். ரேடியேட்டரில் ஊற்ற நல்ல தண்ணீர் மட்டும் கிடையாது.

இதனால் ஊரில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் போதும், ஷிப்டு முடிந்து வருகிற ஒவ்வொருவரும் தங்கள் டிபார்ட்மென்ட்படி நோய் சொல்வார்கள். ஃபவுண்டரியில் இருப்பவருக்கு வார்ப்பில் கோளாறு. பம்ப் செக்ஷன்காரருக்கு டைமிங் தப்பு. பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர், பானெட் கரும்பச்சையாக இருப்பதுதான் வெயிலை இழுக்கிறது, வெள்ளையடித்தால் சரியாகிவிடும் என்றார். நைனா அதையும் ஒரு வாரம் யோசித்தார்.

அந்த வருஷம் வண்டிக்கு வந்தது சாதாரண நோயில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் சூடேறும். திங்கள் போகும், வரும். செவ்வாய், புதன், வியாழன் அப்படியே. வெள்ளி சாயங்காலம் காசிமேடு போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவையாவது ஓரம் கட்டி மூச்சு வாங்கும். சனிக்கிழமை மறுபடி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடும்.

நைனா திருஷ்டி என்றார். எலுமிச்சம்பழத்தில் ஏற்றினோம், பூசணிக்காய் சுற்றி உடைத்தோம், பம்பரில் ஒற்றைச் செருப்பும் தொங்கியது. அம்மாவின் கண்டுபிடிப்பு வேறு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மீனுக்குப் போகிற ஐஸை வடிவுடையம்மன் சன்னதிக்கு எதிரே கொண்டு போனால் அவள் சும்மா இருப்பாளா? பரிகாரமாக, பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்து வருகிற நாளில் மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்ப்பதாக வேண்டிக்கொண்டாள். மேலூரில் திருவுடையம்மன், திருவொற்றியூரில் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். அதே வண்டியில்தான் குடும்பத்தோடு போனோம். மூன்று கோயில் வாசலிலும் கொதித்தது.

அப்புறம்தான் நைனா மெக்கானிக் பாயிடம் போனார். விம்கோ நகர் பக்கம் ஒரு தகரக் கொட்டகை; எதிரில் வேப்பமரம்; மரத்தில் செயின் பிளாக் கட்டித்தான் என்ஜின் இறக்குவார். பாய் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி கேட்டார்.

“ஓடும்போது ஏறுதா, நிக்கும்போது ஏறுதா?”

“வெள்ளிக்கெழம ஏறுது பாய்.”

“கெழம வண்டிக்கு எப்டிண்ணே தெரியும்? ஓடும்போதா, நிக்கும்போதா?”

நைனாவுக்குப் பதில் தெரியவில்லை. நான்தான் சொன்னேன், “தேரடில நிக்கும்போது.”

பாய் சிரித்தார். “வெள்ளிக்கெழம தேரடில இன்னா இருக்கும்?”

கூட்டம் இருக்கும். வடிவுடையம்மன் கோயிலுக்கு வருகிற சனம், பூக்கடை, ரிக்ஷா, நடுரோட்டில் நின்று ஆள் இறக்கும் பஸ். மற்ற நாளில் நிற்காமல் தாண்டிப் போகிற இடத்தில் வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்வோம். கடலோரமாக எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போயிருக்கலாம்தான். ஆனால் அந்தக் கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. துறைமுகத்துக்காகக் கட்டிய சுவர் மணலைத் தெற்கே தடுத்து மெரினாவை அகலமாக்கிக் கொடுத்தது. வடக்கே இருந்த எங்கள் குப்பங்களுக்கு அரிப்பைக் கொடுத்தது. ஊர் இரண்டுக்கும் ஒரே கடல், கொடுக்கல் வாங்கல்தான் வேறு. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் வண்டியை எடுக்க நைனாவுக்குத் தைரியம் வராது.

வண்டி ஓடும்போது எதிர்காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்து தண்ணீரை ஆற்றிவிடும். ஃபேனுக்கு அங்கே வேலை குறைவு. நின்றால் ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். ஃபேனைச் சுற்ற வைக்கும் பெல்ட்டைப் பாய் கட்டைவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் போக வேண்டியது தூளிக் கயிறு மாதிரி உள்ளே போனது. உள்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாகித் தேய்ந்திருந்தது. வண்டி நிற்கும்போது புல்லி சுற்றும், பெல்ட் வழுக்கும், ஃபேன் மாப்பிள்ளை மாதிரி மெதுவாகத் தலையாட்டும். புது பெல்ட் போட்டார். செலவு பெல்ட் விலை, இரண்டு டீ. அம்மா மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டுதல் முடிந்த மறுவாரம்தானே சரியானது என்பாள்.

பாயின் வைத்தியத்தில் கருவி என்று பார்த்தால் இரண்டு உள்ளங்கைதான். ரேடியேட்டரின் மேல் ஓஸை ஒரு கையாலும் கீழ் ஓஸை இன்னொரு கையாலும் தொடுவார். மேலே கொதித்துக் கீழே ஜில்லென்று இருந்தால் தண்ணீர் சுற்றவில்லை, வால்வோ பம்போ அடைப்போ என்று அர்த்தம். வண்டியை அணைத்த பிறகு ரேடியேட்டர் முகத்தில், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி உள்ளங்கையை நகர்த்திக்கொண்டே போவார். சூடான முகத்தில் ஓரிடம் மட்டும் ஆறிக் கிடந்தால் அந்த இடத்துக் குழாய்கள் அடைத்துவிட்டன. காலையில் ஆறின வண்டியின் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். தண்ணீரில் சோடா மாதிரி முட்டை முட்டையாக வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் போய், சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் அடிக்கிறது. ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார். கறுப்பாக இருக்க வேண்டியது பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது. கீழே ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது என்று யாராவது சொன்னால், “வண்டி குடிக்குது, ஹெட்ட தூக்கணும்” என்பார். டீசல் என்ஜினில் எரிகிற எண்ணெயின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வேலையாகிறது. மீதி புகைக்குழாய் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். இந்தக் கணக்கைப் பாய் படித்ததில்லை. அவர் சொன்னது, “ஊட்டுக்கு நாலு வாசல் வச்சா நாலும் தொறந்திருக்கணும்ணே.”

இவ்வளவு சொல்லிவிட்டு அவரைத் தெய்வமாக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம், தெர்மோஸ்டாட். என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் சின்ன வால்வு. தண்ணீர் சுமார் 82 டிகிரிக்கு வரும்வரை மூடியிருந்து, பிறகு உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து திறக்கும். சூடேறுகிறது என்று வந்த எந்த வண்டியிலும் பாய் முதல் வேலையாக அதைக் கழற்றிக் கடாசிவிடுவார். “இது குளிர் தேசத்துக்காரன் போட்டது. நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு?” என்பார். வடசென்னை முழுக்க அன்றைக்கு இதுதான் சாஸ்திரம். எர்ணாவூரில் தெர்மோஸ்டாட் வால்வோடு ஓடிய ஒரு வண்டியை நான் பார்த்ததில்லை. கழற்றிய வால்வுகள் பாய் ஷெட்டில் பீடிச் சாம்பல் தட்டுகளாகவும், எங்களுக்கு பம்பர விளையாட்டில் பணயமாகவும் பயன்பட்டன. அதைக் கழற்றினால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும், புகை தள்ளும். சில என்ஜின்களில் அந்த வால்வுதான் குறுக்குவழியையும் அடைக்கிறது. அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மருந்தே நோயை வளர்க்கும். மைலேஜ் ஏன் கொடுக்கவில்லை என்று நைனா பல வருஷம் பங்க் ஆட்களைத்தான் சந்தேகப்பட்டார்.

தண்ணீர் இன்னொரு கதை. மீஞ்சூர்ப் பக்கம் அறுபதுகளின் கடைசியிலிருந்தே நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, காலியான இடத்துக்குக் கடல் உள்ளே வந்துவிட்டது. எங்கள் தெரு போரிங்கில் அடித்த தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதைத்தான் குடம் குடமாக ரேடியேட்டரில் ஊற்றினோம். கெட்டிலில் படிகிற மாதிரி உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை ராயபுரத்தில் ரேடியேட்டர் கடைக்குக் கொண்டு போனால், மேல்தொட்டியின் ஈயத்தை உருக்கிப் பிரித்து, குழாய் ஒவ்வொன்றிலும் நீளக் கம்பி விட்டுக் குத்தி, மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்துக் கொடுப்பார்கள். பித்தளை, எத்தனை முறை வேண்டுமானாலும் செத்துப் பிழைக்கும். வழியில் ஒழுகினால் இருக்கவே இருக்கிறது மஞ்சள்தூள், ஒரு கைப்பிடி உள்ளே. மூடியின் ரப்பர் போனால் சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி வைப்போம். அந்த மூடி வெறும் மூடியில்லை. உள்ளே அழுத்தம் பிடித்துவைத்துத் தண்ணீர் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் காப்பது அதுதான் என்று எனக்குத் தெரிந்தபோது, எங்களிடம் வண்டியே இல்லை.

இனி ஐஸ். மே மாதம், மத்தியானம், லேலண்ட் தாண்டி வண்டி நின்றுவிட்டது. நைனா எஸ்.டி.டி. பூத்தைத் தேடிப் போனார். நான் வண்டிக்குக் காவல். ரேடியேட்டர் காலி, போரிங் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பின்னால் பார்த்தேன். சாக்கின் அடியிலிருந்து ஜில்லென்று சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு எளிய விஷயம், பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு அவர்கள்மேல் இரக்கம்கூட வந்தது. ஈரச் சாக்கை மூடிமேல் போட்டுத் திருகினேன். அடக்கி வைத்திருந்த சூடு மூடி கழன்றதும் ஒரே மூச்சாக மேலே வந்தது. இடது முழங்கை அதில் வெந்தது. வீரனுக்கு இதெல்லாம் சகஜம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஐஸ் உருகிய தண்ணீரை வாளியில் பிடித்து உள்ளே ஊற்றினேன். என்ஜினுக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம். சுவர்க் கடிகாரம் மணியடிக்கப் போகுமுன் செருமுமே, அதுபோல.

வார்ப்பிரும்பு ஹெட், இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழையாக விரிசல் விட்டுவிட்டது. பாய் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சோடா. “யார்ரா ஊத்துனது?” என்றார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். புதுப்பேட்டையில் பழைய ஹெட் வாங்கி, லேத்தில் முகம் சீவி, மாட்டி முடிக்கப் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நைனா என்னை அடிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அந்த ரிப்பேரோடு நைனா ஒரு நல்ல காரியமும் செய்தார். வாங்கின நாளிலிருந்து செத்துக் கிடந்த டெம்பரேச்சர் மீட்டருக்குப் புது முள் போட்டார். அதற்கு முன் நாங்கள் சூட்டைப் பார்த்தது மூக்கால்தான். இப்போது முள். ராஜா மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். ஒருநாள் ராத்திரி காசிமேட்டிலிருந்து திரும்பும்போது முள் ஏறிக்கொண்டே வந்தது. சிவப்பைத் தொட்டது. நைனா ஓரம்கட்ட இடம் தேடினார். அதற்குள் சட்டென்று முள் இறங்கியது. பாதிக்கு வந்து, அதற்கும் கீழே போய், காலையில் எடுத்த வண்டி மாதிரி அடியில் படுத்துக்கொண்டது. நைனா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து வடிவுடையம்மன் இருந்த திசைக்குக் கும்பிட்டார். “பாத்தியா, கொறஞ்சிடுச்சி.” எர்ணாவூர் எல்லையைத் தொட்டபோது என்ஜின் ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொண்டது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிவிட்டது.

ஈயம் வைத்த இடம் பிளந்து, தண்ணீர் முழுக்க ரோட்டில் போய்விட்டிருந்தது. பாய் மறுநாள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். “முள்ளு தண்ணில முழுகி நின்னாதான்ணே சூட்ட சொல்லும். தண்ணியே இல்லன்னா அது இன்னாத்த சொல்லும்?” வண்டியை எடைக்குப் போட்டோம். நான் பின்னாளில் பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கெழுதப் போனேன். பாய் 2004இல் காலமானார். ஷெட் இருந்த ரோட்டுக்கு மேலே 2021இலிருந்து மெட்ரோ ரயில் போகிறது.

அதே வருஷம்தான் என் அக்கா மகன் கடனில் ஒரு புது டீசல் பிக்கப் வாங்கினான். பி.எஸ். 6. காமன் ரெயில், டர்போ, இன்டர்கூலர், புகையையே குளிரவைத்துத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலர் என்று என்னென்னவோ. எர்ணாவூர் குடோனிலிருந்து துறைமுகத்துக்குக் கப்பல்களின் மளிகையும் காய்கறியும் எடுத்துப் போகிறான். வண்டியில் தெர்மோஸ்டாட் உண்டு, நல்ல மூடி உண்டு, பச்சை நிறத்தில் கூலன்ட் உண்டு. ஊரிலும் தண்ணீர் மாறிவிட்டது. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய மீஞ்சூர் ஆலை, கடல்நீரை உப்பெடுத்து ஒருநாளைக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் வடசென்னைக்குத் தரும் கொள்ளளவு கொண்டது. அன்றைக்குக் கடல் திருட்டுத்தனமாக நிலத்தடி வழியே ரேடியேட்டருக்குள் வந்தது. இன்றைக்கு அரசாங்கச் சீட்டோடு குழாயில் வருகிறது. வந்தும் பயனில்லை, இப்போது வண்டிக்காரர்கள் தண்ணீரே ஊற்றுவதில்லை.

2024 ஏப்ரலில் போன் வந்தது. “மாமா, வண்டி சூடாவுது.”

முப்பது வருஷம் கழித்து அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டதும், பென்ஷன்காரனுக்கு அரியர்ஸ் வந்த மாதிரி எனக்குள் ஓர் உற்சாகம். உடனே கிளம்பினேன்.

சர்வீஸ் சென்டர் குளுகுளு என்று இருந்தது. வண்டியைத் தவிர எல்லோருக்கும் ஏசி. காப்பி மிஷின், சோபா, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி. டேப்லெட்டோடு வந்த தம்பி மிகுந்த மரியாதையாகப் பேசினார். கிலோமீட்டர் கேட்டார், செல் நம்பர் கேட்டார், போன முறை சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டார். பிறகு ஸ்கேனரைச் சொருகினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பி 0217 என்று கோடு வந்தது.

“அப்படின்னா இன்னா சார்?” என்றான் மருமகன்.

“என்ஜின் கூலன்ட் ஓவர் டெம்பரேச்சர்.”

“சூடாவுதுன்றதா?”

“ஆமா சார்.”

அவன் வாசலில் நுழைந்ததும் சொன்னதை மிஷின் இங்கிலீஷில் திருப்பிச் சொன்னது. அதற்கு ஸ்கேனிங் சார்ஜ் தனி.

முதலில் சென்சார் மாற்றினார்கள். வண்டியை மணலி ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் விரட்டிப் பார்த்தார்கள். முள் நடுவில் ஆடாமல் நின்றது. ஓகே சார். நாலு நாளில் மறுபடி விளக்கு எரிந்தது. தெர்மோஸ்டாட் மாற்றினார்கள். எர்ணாவூர் வண்டி ஒன்றுக்கு அந்த வால்வைப் புதிதாக மாட்டுவதைக் கண்ணாரக் கண்டேன் என்ற திருப்தி எனக்கு. மறுபடி ஐந்து கிலோமீட்டர், மறுபடி ஓகே. அடுத்தது வாட்டர் பம்ப், கூடவே புது கூலன்ட். இந்தக் காலத்து முள்ளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல வண்டிகளில் அது இப்போது நிஜச் சூட்டைக் காட்டுவதில்லை. பத்து இருபது டிகிரி ஏறி இறங்கினாலும் பயப்படாதே என்று நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அன்றைய முள் தண்ணீர் இல்லாதபோது பொய் சொன்னது. இன்றையது நம் நிம்மதிக்காகத் தினமும் சொல்கிறது.

மூன்று பில் ஆன பிறகு நான் வாயைத் திறந்தேன். பானெட்டுக்கு முன்னால் நின்று, பாயைப் போலவே இடுப்பில் கைவைத்து, “ஹெட் கேஸ்கட்” என்றேன். கூடவே சோடா, பால் டீ, வண்டி தண்ணி குடிக்கிறது என்று அந்தத் தம்பிக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போய், ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் கொண்டுவந்தார். ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளிருந்து வரும் காற்றை அதில் இழுத்தார். எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் நிறம் மாறும். நீலம் நீலமாகவே இருந்தது. டெஸ்ட் சார்ஜ் பில்லில் ஏறியது. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தில் ஆண்கள் கோபத்தை இப்படித்தான் காட்டுவது.

திரும்பி வரும் வழியில், எர்ணாவூர் மேம்பாலத்துக்குக் கீழே பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்க நிறுத்தினோம். பீகாரோ ஒடிசாவோ, இருபது வயதுப் பையன். வண்டியிலிருந்து வந்த வாசனையை முகர்ந்தான். மூக்கு! எனக்குச் சுருக்கென்றது.

“கரம் ஆகுதா பையா?”

“ஆவுது.”

“ஓடும்போது ஆகுதா, நிக்கும்போது ஆகுதா?”

நான் பிளாட்பாரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கேள்வியை முப்பது வருஷமாகக் கல்யாண வீடுகளில், ஆபீஸில், ரயிலில் எத்தனை பேருக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். மூன்று வாரமாக ஒருமுறைகூட என் மருமகனைக் கேட்கவில்லை.

“நிக்கும்போதுதான். ஓட்னா ஒண்ணும் ஆவாது. ஹார்பர் கேட்டு கியூல ரெண்டு மணி நேரம் கன்டெய்னருங்க பின்னால ஊர்ந்துக்கினே கெடக்கும்போது லைட் எரியுது,” என்றான் மருமகன். டேப்லெட் தம்பி இதைக் கேட்டிருந்தால் வண்டியை மணலி ரோட்டில் விரட்டியிருக்கமாட்டார். வண்டியை நிற்கவைத்துப் பார்ப்பதற்கு அவர்கள் டேப்லெட்டில் கட்டம் இல்லையோ என்னவோ.

பையன் செல்போன் டார்ச்சை அடித்து முன்கிரில்லுக்குள் எட்டிப் பார்த்தான். முன்னால் இன்டர்கூலர், அதற்குப் பின்னால் இரண்டு விரல் சந்து விட்டு ரேடியேட்டர். எதிரில் நின்று பார்த்தால் இன்டர்கூலர் சுத்தமாகத்தான் இருக்கும். எல்லோரும் அதோடு பானெட்டை மூடிவிடுவார்கள். அந்தச் சந்துக்குள் கம்பளி மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு துண்டு கிள்ளி எடுத்தான். கறுப்பு. விரலில் தேய்த்தால் பவுடர். கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய ரோட்டு மண், உப்புக் காற்றின் ஈரத்தில் குழைந்து, கரித்தூளோடு இறுகியிருந்தது. 2011இல் நீதிமன்ற உத்தரவுப்படி சென்னைத் துறைமுகம் நிலக்கரி இறக்குவதை நிறுத்தியது; பட்டணம் சுத்தமாயிற்று. கரி எங்கும் போய்விடவில்லை, எண்ணூருக்கு வந்தது. சின்ன நோட்டுப்புத்தக அளவு ஒரு தகடாக அதை உரித்து மருமகன் கையில் கொடுத்தான் பையன்.

அடியில் அலுமினிய இதழ்கள் சில தொட்டாலே உதிர்ந்தன, கடல் காற்றின் வேலை. பித்தளைக்கு ஈயம் வைத்த மாதிரி இதற்கு வைக்க முடியாது. மேலேயும் கீழேயும் பிளாஸ்டிக் தொட்டி. போனால் முழுசாகத் தூக்கிப்போட்டுப் புதிது.

என்ஜினை அணைத்து, சூடாக இருக்கும்போதே ஃபேனைக் கையால் ஒரு தட்டுத் தட்டினான். அது கோயில் ராட்டினம் மாதிரி ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியது. அப்படிச் சுற்றக் கூடாது. இந்த வண்டியின் ஃபேன் நேரடியாகப் பெல்ட்டோடு கட்டுண்டதில்லை. நடுவே சிலிக்கான் எண்ணெய் அடைத்த ஒரு கப்ளிங். சூடேறினால் எண்ணெய் இறுக்கிப் பிடித்து ஃபேனை வேகமாகச் சுற்றவைக்கும். எண்ணெய் கசிந்துவிட்டதால் பிடிப்பு இல்லை. 1991இல் வழுக்கியது பெல்ட், 2024இல் கப்ளிங். இரண்டு தடவையும் ஃபேன் மாப்பிள்ளைதான்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கப்ளிங் வாங்கிவந்து மாட்டினோம். பையன் கூலியாக 400 ரூபாய் கேட்டான். சர்வீஸ் சென்டர் பில்கள் மூன்றும், என் நீலத் திரவத்தையும் சேர்த்து, 23,000 சொச்சம். பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு இன்னமும் போன் வருகிறது.

வண்டி இப்போது கேட்டில் இரண்டு மணி நேரம் நின்றாலும் சூடேறுவதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாதம் ஒருமுறையாவது ரேடியேட்டரைக் கழுவுங்கள். ஆறின பிறகு கழுவுங்கள். தண்ணீரை என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து, மெதுவாக அடியுங்கள். முன்னாலிருந்து வேகமாக அடித்தால் கரி இன்னும் உள்ளே போய் உட்காரும், இதழ்களும் மடங்கிவிடும். மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் எர்ணாவூருக்கு வாருங்கள், என் இடது முழங்கையைக் காட்டுகிறேன்.